வார்டில் பாடம் நடத்த அரை மணி நேரம்

எங்கள் கல்லூரியில், ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தப் பயிற்சி கொடுக்கும் மருத்துவக் கல்விப் பிரிவின் பொறுப்பை என்னிடம் கொடுத்தபோது, கூடவே ஓர் இரும்பு பீரோவின் சாவியையும் கொடுத்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே பயிற்சி வகுப்புகளின் போட்டோக்கள், வருகைப் பதிவேடுகள், சான்றிதழ் நகல்கள். எல்லாம் இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் எடுத்துக் காட்டுவதற்காக வருட வாரியாக அடுக்கி வைத்தவை. "சார், இதுல டீச்சர்களுக்கு உபயோகமா இருந்தது எது?" என்று முந்தைய பொறுப்பாளரிடம் கேட்டேன். "பிரமோஷனுக்கு உபயோகப்படும்மா" என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. விதிகளின்படி, உதவிப் பேராசிரியர் இணைப் பேராசிரியர் ஆக வேண்டுமானால் மருத்துவக் கல்விக்கான அடிப்படைப் பயிற்சியை முடித்த சான்றிதழ் வேண்டும்.

நான் தென்மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத் துறையில் வேலை பார்க்கிறேன். காலையில் வார்டு, ஓ.பி.; மத்தியானம் வகுப்பு. இதற்கு நடுவில்தான் இந்தக் கல்விப் பிரிவு வேலை. இதே பொறுப்பு புதிதாகக் கைக்கு வந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருக்கும் ஆசிரியர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பயிற்சிகளை நான் குறை சொல்லவில்லை. டாக்டர்களுக்குப் பாடம் நடத்தக் கற்றுக்கொடுப்பது நம் பக்கம் புதிய விஷயமும் இல்லை. புதுச்சேரி ஜிப்மரில் ஆசிரியர் பயிற்சிக்கான தேசிய மையம் 1970களிலேயே வந்துவிட்டது. வேலூர் சி.எம்.சி. வெளிக் கல்லூரி ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுக்கிறது. கோவை பி.எஸ்.ஜி.யில் 2007 முதல் ஃபெய்மர் என்ற அமெரிக்க மருத்துவக் கல்வி அமைப்பின் மண்டல மையம் நடக்கிறது. 2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறியபோது, விரிவுரை மொத்த நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது, மீதி நேரம் சிறு குழுவாகவும் நோயாளியின் அருகிலும் நடக்க வேண்டும் என்று எழுதியே வைத்தார்கள். எல்லாம் நல்ல விஷயங்கள்தான். மூன்று நாள் பயிற்சியில் உட்காருகிற ஆசிரியர்களும் உண்மையாகவே உற்சாகமாகத்தான் இருப்பார்கள். சிக்கல் திங்கட்கிழமை காலை ஆரம்பிக்கிறது. ஓ.பி. வாசலில் வரிசை, அட்மிஷன் டே, கோர்ட் சம்மன், ஐ.சி.யு.விலிருந்து போன். அதற்குள் பத்துப் பதினைந்து மாணவர்கள் ஸ்டெத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சுவரோரமாக நிற்பார்கள். பயிற்சியில் கற்றதெல்லாம் அந்தக் காலைப் பொழுதுக்குள் நுழையவே முடியாது.

அதனால் ஆரம்பத்தில் நான் புதிதாக எதையும் நடத்தவில்லை. டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்டாகப் போய் டீ குடித்தேன். நோட்டு கிடையாது, படிவம் கிடையாது. "பாடம் நடத்தறதுல உங்களுக்கு எது இடைஞ்சலா இருக்கு?" என்ற ஒரே கேள்விதான். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும், அதுதான் கஷ்டம். புதிய கற்பித்தல் முறை வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. "பெட்சைட்ல நின்னா அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு போன் வருது." "லாக்புக் நூத்தம்பதையும் ஒரே நாள்ல கொண்டுவந்து டேபிள்ல அடுக்கறாங்க, கையெழுத்துப் போட்டே கை போயிடுது." "புரொஜெக்டர் ஒயர் போயி நாலு மாசம் ஆச்சு." அறுவைச் சிகிச்சைத் துறையில் ஓர் உதவிப் பேராசிரியர் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "ஸ்டூடன்ட்ஸ் முன்னாடியே சீஃப் என்னைத் திட்டறார் மேடம். அதுக்கப்புறம் அந்தப் பசங்க முன்னாடி நின்னு நான் என்னத்தச் சொல்லித் தர்றது?"

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் அதிகம் யோசித்தேன். கல்லூரியில் கற்கும் சூழல் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லும்போது மாணவர், ஆசிரியர் இரண்டு பேரை மட்டுமே பார்க்கிறோம். திட்டு அங்கே பிறப்பதில்லை. மேலே ரிவ்யூ மீட்டிங்கில் டீன் வாங்குகிறார், டீன் துறைத் தலைவரிடம் இறக்குகிறார், அவர் உதவிப் பேராசிரியரிடம், அவர் பி.ஜி. என்கிற மேற்படிப்பு மாணவரிடம், பி.ஜி. ஹவுஸ் சர்ஜன் என்கிற பயிற்சி டாக்டரிடம், ஹவுஸ் சர்ஜன் மூன்றாம் ஆண்டு மாணவனிடம். கடைசியில் அந்த மாணவன், ரத்தம் எடுக்கக் கை நீட்டாத பாட்டியிடம் எரிந்து விழுகிறான். மாணவரிடம் அன்பாகப் பேசுங்கள் என்று ஆசிரியர்களுக்கு மட்டும் வகுப்பு எடுப்பதில் பலன் இல்லை என்பது எனக்கு அப்போது தெளிவானது. ஆசிரியருக்கு முதலில் கொடுக்க வேண்டியவை இரண்டு: நேரம், மரியாதை. இரண்டையும் சர்க்குலரால் கொடுக்க முடியாது என்பதுதான் வேலையைக் கஷ்டமாக்குகிறது.

முதலில் நேரத்தைப் பற்றி. எங்கள் துறையில் ஒவ்வொரு யூனிட்டுக்கும், அதாவது ஒரு சீஃபின் கீழ் இயங்கும் டாக்டர் குழுவுக்கும், ஓ.பி. நாள், அட்மிஷன் நாள், மற்ற நாள் என்று சுற்று உண்டு. ஓ.பி. நாளிலும் அட்மிஷன் நாளிலும் நல்ல வகுப்பு நடக்கும் என்று நம்புவது வீண். மற்ற நாட்களில் தினம் அரை மணி நேரம், யூனிட்டில் ஓர் ஆசிரியர் பாடம் மட்டுமே நடத்துவார் என்று வைத்துக்கொள்ளலாமா என்று எங்கள் சீஃபிடம் கேட்டேன். "இப்பவும் நடத்திட்டுத்தானே இருக்கோம்?" என்றார். "நடத்தறோம் சார், ஆனா அந்த நேரத்துல போனை யார் எடுக்கறது?" என்றேன். அந்தக் கேள்விக்குத்தான் பதில் தேவைப்பட்டது. அந்த அரை மணி நேரம் ஆசிரியரின் போன் ட்யூட்டி பி.ஜி.யின் சட்டைப் பையில் இருக்கும். யார் கூப்பிட்டாலும் "மேடம் கிளாஸ்ல இருக்காங்க, நான் வரேன்" என்று பி.ஜி. சொல்லுவார். உயிர் போகிற விஷயம் என்றால் மட்டும் ஆசிரியரைக் கூப்பிடலாம். வார்டு சிஸ்டர்களிடம் நானே போய்ச் சொன்னேன். அவர்களிடம் சொல்லாமல் வார்டில் எதுவும் நிலைக்காது. எந்த நேரம் தங்களுக்கு வசதி என்று அவர்களையே கேட்டோம். மருந்து கொடுத்து முடித்து, டிஸ்சார்ஜ் வேலை தொடங்கும் முன்னால் ஓர் இடைவெளி இருப்பதை அவர்கள்தான் காட்டினார்கள்.

வேறொரு யூனிட்டில் இது ஒட்டவே இல்லை. அங்கே ஆட்களே குறைவு; போனை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. அங்கே வாரத்தில் இரண்டு நாள் மட்டும், பக்கத்து யூனிட் மாணவர்களையும் சேர்த்து நடத்தினோம். அதில் கூட்டம் அதிகமாகிவிட்டது. அது இன்னும் சரியாகவில்லை.

அரை மணி நேரம் கிடைத்ததும் அடுத்த கேள்வி, அந்த நேரத்தில் என்ன செய்வது. 'ஒரு நிமிட ஆசான்' என்று சொல்லத்தக்க ஒரு முறை இருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் குடும்ப மருத்துவ ஆசிரியர்கள் எழுதி வைத்தது. ஐந்தே படிகள்: மாணவரை ஒரு முடிவு சொல்ல வை, ஏன் என்று கேள், பொதுவாக ஒரு விதி சொல்லிக்கொடு, சரியாகச் செய்ததைச் சொல், தவறியதைத் திருத்து. ஸ்லைடு போட்டுச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதனால் ஸ்லைடு போடாமல், எங்கள் வார்டிலேயே ஓர் உதவிப் பேராசிரியரைச் செய்யச் சொல்லி மற்றவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம்.

கட்டிலில் அறுபதைத் தாண்டிய ஒரு பாட்டி. மூச்சு வாங்குகிறது என்று முந்தைய இரவு வந்தவர். மாணவி கேஸ் சொல்லி முடித்துவிட்டு நின்றாள்.

"சரிம்மா, என்னன்னு நினைக்கறீங்க?"

"ஆஸ்துமா சார்."

வழக்கமாக இந்த இடத்தில்தான் வெடிக்கும். 'பைனல் இயர் வந்தும் இது தெரியாதா, எப்படிப் பாஸ் பண்ணின' என்று நாங்கள் எல்லோருமே எங்கள் காலத்தில் கேட்டு வாங்கியதுதான். அவர், "எதை வச்சுச் சொல்றீங்க?" என்றார்.

"வீசிங் இருக்கு சார். ராத்திரில அதிகமாகுதுன்னு சொன்னாங்க."

"ராத்திரில எப்படி? உக்காந்திருக்கும்போதா, படுக்கும்போதா?"

மாணவி பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "படுத்தா மூச்சு முட்டுது சாமி, எந்திரிச்சு உக்காந்தாத்தான் கொஞ்சம் தேவலை" என்றார் பாட்டி. மாணவி கேஸ் ஷீட்டில் அதை எழுதியிருந்தாள். அதை வைத்து என்ன செய்வது என்றுதான் யோசிக்கவில்லை. "இதுக்கு முன்னாடி எப்பவாவது இழுப்பு வந்திருக்கா?" வந்ததே இல்லை. அவர் சொன்னார்: "வயசானவங்களுக்கு வாழ்க்கையில முதல் தடவையா வீசிங் வந்தா, ஆஸ்துமான்னு சொல்றதுக்கு முன்னாடி இதயத்தைப் பார்க்கணும். எங்கெங்க பார்ப்பீங்க?" மாணவி பாட்டியின் கழுத்தைப் பார்த்தாள், நரம்பு புடைத்திருந்தது. பிறகு போர்வையை விலக்கிக் காலை அழுத்தினாள், விரல் பதிந்த இடம் குழியாக நின்றது. ஆசிரியர் முடித்தார்: "படுத்தா மூச்சு முட்டுதான்னு கேட்டு எழுதினது ரொம்பச் சரி, பாதிப் பேர் அதைக் கேக்கறதே இல்ல. ஆனா கால்ல இருந்து கழுத்து வரைக்கும் பார்க்காம டயக்னோசிஸ்க்குப் போயிட்டீங்க. அடுத்த பேஷன்ட்கிட்ட முதல்ல கழுத்தைப் பாருங்க."

மொத்தம் ஆறேழு நிமிடம் இருக்கும். கிளம்பும்போது பாட்டி ஆசிரியரைப் பார்த்து, "நல்லாப் படிக்கிற புள்ள, திட்டிப்புடாதீங்க" என்றார். நோயாளிகள் இதையெல்லாம் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தன் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று ஒரு மாணவியை அழ வைத்தால், அது தன்னால்தான் என்று நினைக்கும் நோயாளிகள் உண்டு.

ஐந்து படிகளையும் எல்லோரும் அப்படியே பிடித்துக்கொள்ளவில்லை. ஆனால் கடைசி இரண்டும், அதாவது சரியாகச் செய்ததைக் குறிப்பாகச் சொல்வதும் திருத்தத்தை ஒரு செயலாகச் சொல்வதும், பலருக்கு ஒட்டிக்கொண்டன. 'குட்', 'வெரி குட்' என்று சொல்வது பாராட்டில் சேராது. எது நன்றாக இருந்தது என்று மாணவருக்குத் தெரிந்தால்தான் அதை நாளைக்கும் செய்வார். மிகவும் கோபக்காரர் என்று பெயர் வாங்கிய ஒரு மூத்த பேராசிரியர்கூட இதை எடுத்துக்கொண்டார். தன் குரல் தணியாது என்று அவரே சொல்லிவிட்டார். ஆனால் கத்தினாலும், 'கழுத்தைப் பார்' என்று கத்துவதற்கும் 'நீயெல்லாம் டாக்டராகி' என்று கத்துவதற்கும் உள்ள வித்தியாசம் மாணவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

மாணவர்கள் செய்து பழகியதைப் பதிந்து ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கும் லாக்புக் தொல்லைக்கும் இங்கேயே வழி கிடைத்தது. வகுப்பு முடிந்ததும் அன்று கேஸ் சொன்னவர், பரிசோதனை செய்தவர் என இரண்டு மூன்று பேரின் லாக்புக்கில் மட்டும் அங்கேயே கையெழுத்து. மாதக் கடைசியில் மூட்டையாக வந்தால் வாங்குவதில்லை என்று யூனிட்டில் பேசி முடிவு செய்தோம். ஆரம்பத்தில் மாணவர்கள் முணுமுணுத்தார்கள். பிறகு வகுப்புக்கு முந்தி வந்து நிற்க ஆரம்பித்தார்கள்.

அடுத்தது மரியாதை. நான் வைத்த ஒரே கோரிக்கை மிகச் சிறியது: மாணவர்கள் முன்னால் எந்த ஆசிரியரையும் யாரும் திருத்த வேண்டாம், தவறாகச் சொல்லிக்கொடுத்தால்கூட ரூமுக்குப் போய்ச் சொல்லலாம். நோயாளிக்கு ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு, அதையும் "இதை இப்படிப் பார்ப்போமா" என்று சொன்னால் போதும். துறைத் தலைவர்கள் கூட்டத்தில் இதைப் பொதுவாகப் பேசியிருந்தால் எல்லோரும் அடுத்தவரைப் பற்றித்தான் என்று நினைத்திருப்பார்கள். அதனால் ஒவ்வொருவரையும் தனியாகப் போய்ப் பார்த்தேன். "நாங்களும் அப்படித்தாம்மா படிச்சோம், கெட்டா போயிட்டோம்?" என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு வாதம் செய்து பயனில்லை. "நீங்க படிக்கும்போது உங்களை அப்படித் திட்டின சாருக்கிட்ட, தெரியலைன்னு எப்பவாவது சொல்லியிருக்கீங்களா சார்?" என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல முடியாத வார்டில், பொட்டாசியம் பார்க்காமலே பார்த்ததாக ரிப்போர்ட் சொல்லும் ஹவுஸ் சர்ஜன் உருவாகிறான். மரியாதை என்றால் மனிதத்தன்மை, கண்ணியம் என்றெல்லாம் பேசுவதைவிட, இது நோயாளிப் பாதுகாப்பு என்று பேசியபோதுதான் மூத்தவர்கள் காது கொடுத்தார்கள்.

புள்ளிவிவரம் கேட்பவர்களுக்கு அதுவும் இருக்கிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி 2024இல் ஓர் அறிக்கை கொடுத்தது. இணையவழிக் கணக்கெடுப்பில் பதில் சொன்ன எம்.பி.பி.எஸ். மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் மனநலப் பாதிப்பு இருப்பதாகத் தெரிவித்திருந்தார்கள். பி.ஜி.க்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வாரத்தில் ஒரு நாள் விடுமுறை வேண்டும் என்றும் அந்தக் குழு பரிந்துரைத்தது. அந்த 74ஐ எங்கள் பி.ஜி. ஒருவரிடம் சொன்னபோது, "ஒரு வாரத்துக்கா மேடம்?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ராகிங்கைப் பற்றித் தமிழ்நாட்டில் நீட்டி எழுத வேண்டியதில்லை. 1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்டதும், 1997இல் ராகிங் தடைச் சட்டம் வந்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சட்டத்தால் சீனியர் மாணவர் பயப்படுகிறார். ஆசிரியர் வகுப்பில் ஒரு மாணவனை எழுப்பி நிறுத்தி அவன் ஊரையும் அப்பா தொழிலையும் வைத்துக் கிண்டல் செய்தால், அதை யாரும் ராகிங் என்று நினைப்பதில்லை.

இது எங்கே அதிகம் வலிக்கிறது என்றால், அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகளிடம். 2020இல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்த பிறகு, எங்கள் வகுப்புகளில் தமிழ் வழியில் படித்த பிள்ளைகளைப் பார்க்கிறோம். நீட் எழுதி ஜெயித்து வந்தவர்கள். முதல் மூன்று மாதம் வாய் திறக்க மாட்டார்கள். ஆசிரியர்களுக்கும் இதில் திணறல்தான். "ஆன்சர் தெரியுமா, இங்கிலீஷ் தெரியலையான்னே கண்டுபிடிக்க முடியல மேடம்" என்றார் உடற்கூறியல் துறை ஆசிரியர் ஒருவர். அவருக்கு நாங்கள் சொன்னது: பதிலை முதலில் தமிழில் சொல்ல விடுங்கள், பெயர்ச்சொற்கள் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும், அடுத்த தடவை அதே பதிலை ஆங்கிலத்தில் கேளுங்கள். பரீட்சை ஆங்கிலத்தில்தான் என்பதால் அந்த இரண்டாவது படியை விட்டுவிடக் கூடாது. கருணை காட்டுகிறேன் என்று அதை விட்டுவிட்டால், பல்கலைக்கழகத் தேர்வில் அந்தப் பிள்ளைதான் மாட்டும்.

வார்டில் நிலைமை தலைகீழ். அங்கே நோயாளி பேசுவது தமிழ். சென்னைப் பள்ளியில் படித்து வந்த மாணவன் "பெயின் எங்க இருக்கு பாட்டி?" என்று நிற்கும்போது, ராமநாதபுரம் பக்கத்துப் பெண் "எப்பத்துல இருந்து ஆத்தா, சோறு தண்ணி இறங்குதா?" என்று கேட்டு முழு வரலாற்றையும் வாங்கிவிடுகிறாள். இப்போது நாங்கள் கேஸ் எடுக்க இருவர் இருவராக அனுப்பும்போது இப்படிக் கலந்துதான் அனுப்புகிறோம். ஒருவர் கேட்பார், ஒருவர் எழுதுவார், பிறகு மாற்றிக்கொள்வார்கள். இதற்காக ஆசிரியர்களுக்குப் புதிதாக எந்த வேலையும் இல்லை, ஜோடியை ரோல் நம்பர்படி போடாமல் இருந்தால் போதும்.

மாணவர்களிடம் ஆசிரியர்களைப் பற்றிக் கருத்து வாங்குவது பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிறைய கெடுதல் நடப்பது இங்கேதான். பல இடங்களில் படிவம் கொடுத்து, மார்க் போடச் சொல்லி, சராசரி எடுத்து, டீன் மீட்டிங்கில் வாசிக்கிறார்கள். பத்துக்கு நாலரை வாங்கிய ஆசிரியர் அடுத்த நாள் வகுப்புக்கு எந்த முகத்தோடு போவார்? எங்கள் இடத்தில் இப்போது நாலு விஷயங்கள் பார்க்கிறோம். இன்டர்னல் மார்க் அனுப்பிய பிறகுதான் கருத்துக் கேட்போம். முன்னால் கேட்டால் மாணவர்கள் பயந்துகொண்டு 'எக்ஸலன்ட்' போடுவார்கள். மார்க்கே கேட்பதில்லை, எந்த விஷயம் படிக்க உதவியது, எது தடையாக இருந்தது, எதை மாற்றலாம், இவ்வளவுதான். சிறிய பேட்ச் என்றால் கையெழுத்தை வைத்தே யார் எழுதியது என்று தெரிந்துவிடும், அதனால் இரண்டு மூன்று போஸ்டிங், அதாவது வார்டுப் பயிற்சிச் சுற்று, முடியும் வரை சேர்த்து வைத்து, டைப் செய்து, வசைகளை எடுத்துவிட்டுக் கொடுக்கிறோம். கொடுப்பது அந்த ஆசிரியரிடம் மட்டும், ஒட்டிய கவரில், நேரில். அவர் சீஃபுக்கோ டீனுக்கோ நகல் போகாது. இதற்கு டீனைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. "அப்புறம் எனக்கெப்படித் தெரியும் யார் சரியில்லைன்னு?" என்பது அவர் கேள்வி; அவர் நாற்காலியில் இருப்பவருக்கு அது நியாயமான கேள்விதான். துன்புறுத்தல், பாலியல் ரீதியான பேச்சு, சாதி சொல்லிப் பேசுவது இவையெல்லாம் கருத்துப் படிவத்தின் வழியே வரக் கூடாது, அதற்குரிய குழுக்களுக்கு நேராகப் போக வேண்டும், அந்த வழி மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று பிரித்து வைத்த பிறகு ஒப்புக்கொண்டார்.

கவரைக் கொடுக்கும்போது ஆசிரியரோடு சிறிது நேரம் உட்காருவது முக்கியம். பத்து நல்ல வரிகள் இருந்தாலும் கண் அந்த ஒரு கெட்ட வரிக்குத்தான் போகும். ஒருவர், "இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரியும்" என்று ஆரம்பித்தார். "யாரா வேணா இருக்கட்டும் சார், இதுல எதையாவது மாத்த முடியுமான்னு மட்டும் பாருங்க" என்று சொல்லி, பேச்சை அங்கிருந்து நகர்த்தினேன்.

டண்டீ பல்கலைக்கழகத்தில் 1997இல் உருவாக்கிய, கற்கும் சூழலை அளக்கும் 50 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்று உண்டு. மொத்தம் 200 மதிப்பெண். அதை ஒரு தடவை எங்கள் மாணவர்களிடம் கொடுத்தோம். ஆய்வுக் கட்டுரை எழுத அது உதவும், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண் வந்த பிறகு யாரும் யாரிடமும் எதுவும் பேசவில்லை. பீரோவில் இன்னொரு ஃபைல் கூடியது, அவ்வளவுதான்.

ஆசிரியர்கள் ஒருவர் வகுப்பில் ஒருவர் உட்கார்ந்து பார்ப்பது நன்றாக வந்தது. விரும்புகிறவர்கள் மட்டும், தானே ஜோடி தேர்ந்துகொள்ளலாம், எழுத்தில் எதுவும் கிடையாது. பார்த்தவர் சொன்னதில் அடிக்கடி வந்த விஷயம், "புரிஞ்சுதா?" என்று கேட்பதும், "புரிஞ்சுது" என்று கோரஸாகப் பதில் வருவதும். அதற்குப் பதிலாக, "இப்ப இந்த பேஷன்ட்டுக்கு அடுத்து என்ன பண்ணுவீங்க, பக்கத்துல இருக்கவங்ககிட்ட ஒரு நிமிஷம் பேசுங்க" என்று சொல்லிவிட்டு நடந்து பார்த்தால் போதும், யாருக்குப் புரியவில்லை என்று தெரிந்துவிடும்.

சிறந்த ஆசிரியர் விருது ஒன்று கொடுக்க ஆரம்பித்தோம். அடுத்த வருடமே நிறுத்திவிட்டோம். காரணம், அந்த விருது கிடைத்தவரைத் தவிர மற்ற எல்லோரிடமும் எனக்குச் சண்டை.

ஓர் ஆசிரியரிடம் சில மாணவர்களை ஒப்படைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் மென்டார் முறை எல்லாக் கல்லூரியிலும் பட்டியலாக இருக்கிறது. ஆசிரியர்கள் ஏன் மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசுவதில்லை என்று விசாரித்தால் சோம்பல் என்று தோன்றும். பயம்தான் காரணம். "அழுதா நான் என்ன பண்றது? சாகணும் போல இருக்குன்னு சொன்னா? நான் சைக்கியாட்ரிஸ்ட் இல்லையே" என்றார் நோயியல் துறை ஆசிரியை ஒருவர். எங்கள் மனநலத் துறையினர் அவர்களுக்கு ஒரு மத்தியானம் கொடுத்தார்கள். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் தூண்டப்பட்டுவிடாது, "சாகணும்னு தோணுதா?" என்று தெளிவாகக் கேளுங்கள், அறிவுரை சொல்ல வேண்டாம், 'இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிறகு யாரைக் கூப்பிடுவது என்று ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துக் கொடுத்தோம்: மனநலத் துறை ட்யூட்டி போன், விடுதிக் காப்பாளர், மத்திய அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, மாநிலத்தின் உதவி எண் 104. அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாணவர் மனநலத்துக்காக 2022இல் தொடங்கிய 'மனம்' மன்றத்தின் எங்கள் ஊர்ப் பொறுப்பாளர் எண்ணும் அதில் உண்டு. அட்டை கைக்கு வந்த பிறகு மென்டார் சந்திப்புகள் தானாகக் கூடின. என்ன செய்வது என்று தெரிந்தால் ஆட்கள் கதவைத் திறந்து வைக்கிறார்கள்.

ஆசிரியரைத் தாங்குவதும் இதில் சேர்த்திதான். ட்யூட்டியில் நோயாளி இறந்து, உறவினர்கள் சட்டையைப் பிடித்த மறுநாள், அந்த உதவிப் பேராசிரியருக்கு வகுப்பு போடக் கூடாது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். 2008லேயே மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் சட்டம் உண்டு, எஃப்.ஐ.ஆர். எல்லாம் போடலாம். அதற்கு முன்னால் அந்த ஆள் சாப்பிட்டாரா, வீட்டுக்கு யார் கொண்டுபோய் விடுவது என்று பார்க்க ஒருவர் வேண்டும். சில ஆசிரியர்கள், "இல்ல மேடம், நான் கிளாஸ் எடுக்கறேன், அதுதான் எனக்கு நல்லா இருக்கும்" என்பார்கள். சரி, எடுக்கட்டும். கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும்.

இதிலெல்லாம் தீராத தலைவலி ட்ரான்ஸ்ஃபர். 2022 ஜனவரியில் ஒரே நாளில் மாநிலத்தில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தபோது, எல்லா ஊரிலிருந்தும் ஆட்கள் போனார்கள். இடமாறுதல் கவுன்சிலிங் வந்தால் நாம் பார்த்துப் பார்த்துப் பழக்கிய ஆசிரியர் பெட்டியைக் கட்டிவிடுவார். எனவே எதையும் ஒருவரின் ஆர்வத்தில் மட்டும் தொங்கவிடக் கூடாது. அரை மணி நேரம் யார் பெயரிலும் இல்லாமல் யூனிட் ரோஸ்டரில் இருக்க வேண்டும், சிஸ்டர்களின் ரிப்போர்ட் நோட்டில் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவருக்கு அவரைவிட ஒரு வருடம் மட்டும் மூத்தவர் அதைச் சொல்லித் தர வேண்டும். நான் சொன்னால் அது உத்தரவாகிவிடுகிறது.

பாட்டியிடம் கேஸ் நடத்திய அந்த உதவிப் பேராசிரியர் இப்போது வட மாவட்டத்தில் ஒரு புதிய கல்லூரியில் இருக்கிறார். அங்கே கல்விப் பிரிவை அவர் தலையிலேயே கட்டிவிட்டார்களாம். போன் செய்து, "மேடம், நம்ம ஃபீட்பேக் ஃபார்ம் அனுப்புங்க, நாளைக்கே ஆரம்பிச்சிடறேன்" என்றார். ஃபார்ம் இப்போது வேண்டாம், அனுப்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். முதலில் அங்கே காலையில் யார் போனை எடுப்பார்கள் என்று கண்டுபிடிக்கச் சொன்னேன். வார்டு சிஸ்டர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.